மேனேஜர் இல்லாமல் ஏறமாட்டேன்

எங்கள் அலுவலகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ அக்கா என்றால்தான் தெரியும். காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும்போது திறக்கிற வாய், மாலையில் பையைத் தோளில் மாட்டும்வரை மூடாது. பெரிய மருத்துவமனை ஒன்றின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத நீளமான அறை எங்களுடையது. மேலே டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு விவரங்களைப் பேசிப் பதிவுசெய்து அனுப்புவார்கள். நாங்கள் ஹெட்போனில் அதைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்போம். "எலும்பு டாக்டர் இன்னிக்கும் பிஸ்கட் தின்னுக்கிட்டேதான் பேசுறார், தொடை எலும்பா துடை எலும்பான்னு கடவுளுக்குத்தான் வெளிச்சம்" என்று அக்கா சொல்லும்போது அறையே குலுங்கும்.

ஜன்னல் இல்லையே என்று நாங்கள் எல்லோரும் புலம்புவோம். அக்கா மட்டும், "எனக்கென்ன, எனக்கு எல்லா ரூமும் இப்படித்தான்" என்பார். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிரிக்கலாமா கூடாதா என்று முழிப்பார்கள். அக்காவுக்குக் கண் தெரியாது.

பிறவியிலேயே அப்படி இல்லை. முப்பது வயதுக்கு மேல் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி, குழாய் வழியாகப் பார்ப்பது போலாகி, கடைசியில் அந்தக் குழாயும் அடைத்துப் போயிற்று. அண்ணன் வந்து தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். நல்ல மனிதர்தான், தங்கை என்றால் உயிர். ஆனால் அந்த வீட்டில் அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தாலே "உக்காரு, உக்காரு, நான் எடுத்துத் தர்றேன்" என்று பல குரல்கள் ஓடிவரும். வாசல்வரை போனால் கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிவந்துவிடுவார்கள். "ரெண்டு வருஷம் என்னை அலமாரியில வச்சிருந்தாங்க, தூசி மட்டும் தட்டிக்கிட்டு இருந்தாங்க" என்பார் அக்கா. ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கோல் பிடித்து நடக்கப் பழகினார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் கணினியில் வேலை கற்றுக்கொண்டார். அந்தக் குரலை எவ்வளவு வேகமாக ஓடவிடுவார் என்றால், எங்கள் காதுக்கு அது கொசு பறப்பது போலத்தான் கேட்கும்.

மேனேஜர் வந்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. மேனேஜர் என்பது நாய். கண் தெரியாதவர்களை நடத்திச் செல்லப் பழக்கப்பட்ட, வெளிர் மஞ்சள் நிறத்தில் கனத்த தலையுள்ள ஆண் நாய். பயிற்சிப் பள்ளியில் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் அறைக்குள் நுழைந்த முதல் நாளே ஒவ்வொரு மேஜையாக நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு மூலையில் போய்ப் படுத்துக்கொண்டதால் நாங்கள் மேனேஜர் ஆக்கிவிட்டோம்.

நாய்தான் அக்காவுக்கு வழிகாட்டுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். வழி அக்காவுக்குத்தான் தெரியும். இடது, வலது, நேராக என்று சொல்வது அவர்தான். குழி, படி, கம்பம், வண்டி வந்தால் சமாளிப்பது நாயின் வேலை. ஆபத்து என்று பட்டால் சொல் பேச்சுக் கேட்காமல் நிற்கவும் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒருமுறை மருத்துவமனை வாசலில் அக்கா "நட" என்று சொல்லச் சொல்ல, அது குறுக்கே நின்று நகர மறுத்தது. அக்கா திட்டித் தீர்த்தார். பிறகு காலை நீட்டித் தடவிப் பார்த்தால், நேற்றுவரை இல்லாத ஒரு பள்ளம்.

போன வருடம் அக்காவின் தங்கைக்கு இடுப்பு எலும்பில் அறுவை சிகிச்சை செய்யவேண்டி வந்தது. தங்கை வேறு ஊரில் தனியாக இருப்பவள். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் கிடையாது. ஒரு மாதமாவது கூட இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அக்கா லீவு போட்டுவிட்டு, "நான் போறேன்" என்றார்.

அண்ணன் அன்று சாயங்காலமே போன் செய்தார். நாங்களும் பக்கத்தில்தான் இருந்தோம்.

"நீ போய் என்ன பண்ணப் போற? அவளைப் பாக்கவே ஆள் இல்ல, உன்னையும் சேத்து யாரு பாக்குறது?"

"என்னை எதுக்குண்ணே பாக்கணும்? பாத்துச் சலிச்ச மூஞ்சிதானே."

"விளையாடாத. சரி, போறதுன்னு முடிவு பண்ணிட்டா நான் கூட வர்றேன். நாயை எங்கயாவது விட்டுட்டு வா."

"அது வராம நான் வரமாட்டேன். அது வந்தா நீ வரத் தேவையில்ல."

அண்ணன் போனை வைத்துவிட்டார்.

முதலில் ரயிலில்தான் போவதாக இருந்தது. திடீரென்று அறுவை சிகிச்சையை முன்னதாக வைத்துவிட்டார்கள். ரயிலில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் விமானம். அக்கா விமான நிறுவனத்துக்குப் போன் செய்து, நாயும் வருகிறது என்று விளக்கிச் சொன்னார். தாராளமாக வரலாம், காலடியில் படுக்க இடம் வேண்டும் என்பதால் முதல் வரிசையில் ஜன்னலோர இருக்கை தருகிறோம் என்றார்கள். தங்கைக்கு மதியம்தான் அறுவை சிகிச்சை. காலை விமானத்தில் போனால் அவளை உள்ளே கூட்டிப் போவதற்கு முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்பது கணக்கு.

விமான நிலைய வாசலில் அக்காவை இறக்கிவிட்டது நான்தான். உள்ளே நடந்ததெல்லாம் அவர் வாயால் கேட்டது. பலமுறை கேட்டாயிற்று. ஒவ்வொரு முறையும் அக்கா பேசிக்காட்டும் விமான நிறுவனச் சூப்பர்வைசரின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீச்சென்று ஆகிக்கொண்டே போகிறது. மற்றபடி கதை மாறவில்லை.

உள்ளே நுழைந்ததுமே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"உக்காருங்க மேடம்."

"எதுக்குப்பா? காலுக்கு ஒண்ணும் இல்ல, கண்ணுதான்."

"எல்லாருக்கும் இதுதான் மேடம் குடுப்போம்."

"அப்ப எல்லாரையும் உக்கார வைங்க. நான் கடைசியா உக்காந்துக்கறேன்."

நடந்தே போனார். கவுன்டரில் இருந்த பெண் தயங்கினாலும், கணினியில் நாயைப் பற்றிக் குறித்திருந்ததால் சீட்டைக் கொடுத்துவிட்டாள். சோதனை வாசலில், மேனேஜரின் மார்பில் கட்டியிருந்த வாரின் இரும்புக் கைப்பிடியால் எந்திரம் பீப் என்று கத்தியது. கவுன்டரில் இருந்த பெண் தயங்கினாலும், கணினியில் நாயைப் பற்றிக் குறித்திருந்ததால் சீட்டைக் கொடுத்துவிட்டாள். விமானத்தில் ஏறி, முதல் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். மேனேஜர் அவர் கால்களுக்கு முன்னால் சுருண்டு, வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டு படுத்துவிட்டது.

பக்கத்து இருக்கைக்கு வந்தவர் உட்காரவேயில்லை. "இதென்ன, நாயைக் கொண்டுவந்து போட்டிருக்கீங்க? எனக்கு அலர்ஜி" என்று குரலை உயர்த்தினார். விமானப் பணிப்பெண் ஓடிவந்தாள்.

"மேடம், நீங்க கடைசி வரிசைக்கு மாறிக்கிறீங்களா?"

"கடைசி வரிசையில இது படுக்க இடம் இல்லம்மா. கேட்டுத்தான் இந்த இடம் குடுத்தாங்க."

"சாருக்குக் கஷ்டமா இருக்கே மேடம்."

"அவருக்குக் கஷ்டம்னா அவருக்கு நல்லதா வேற இடம் குடுங்க. எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல."

அந்த மனிதருக்குப் பின்னால் இடம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முதல் வரிசையை விடமாட்டாராம். பேச்சு நீண்டது. பின்னாலிருந்து "எல்லாருக்கும் லேட்டாகுதும்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க" என்று ஒரு குரல் கேட்டது. அதற்கு இன்னும் சிலர் ஒத்து ஊதினார்கள். அக்காவுக்குக் கோபத்தைவிட அந்த ஒத்து ஊதல்தான் வலித்ததாம். அனுசரித்துப் போகச் சொல்லி ஒருவர்கூட அந்த மனிதரிடம் கேட்கவில்லை.

கடைசியில் கேப்டன் வந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். பயணிகளுக்குச் சங்கடம் என்றால் தன்னால் விமானத்தை எடுக்க முடியாது, நீங்கள் இறங்கிவிடுங்கள், அடுத்ததில் ஏற்பாடு செய்வார்கள் என்றார்.

அக்கா எழுந்தார். பணிப்பெண் முழங்கையைப் பிடிக்க வந்தாள். அக்கா கையை விலக்கிக்கொண்டார். விமானத்தின் உட்பக்கம் பார்த்துத் திரும்பி நின்று, எங்கள் அறையின் கடைசி மேஜைவரை கேட்கும் அதே குரலில் சொன்னார்:

"நான் இறங்கல. என்னை இறக்குறாங்க. நாளைக்கு யாராவது கேட்டா இந்த வார்த்தையை மாத்திச் சொல்லாதீங்க."

மேனேஜரின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிகளில் தானே இறங்கினார்.

திரும்பவும் கவுன்டர். இந்த முறை சூப்பர்வைசர் வந்தார். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்றார். அக்கா வேண்டாம் என்றார். நாயைக் கூண்டில் போட்டுச் சாமான்கள் பகுதியில் அனுப்பலாம், நீங்கள் மேலே உட்கார்ந்து வரலாம் என்றார்.

"அப்ப என்னையும் அந்தச் சாமான்களோடயே போடுங்க. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் வேலை பாக்குறோம்."

"மேடம், விமானத்துக்குள்ள நாய் அனுமதி கிடையாது. அதுதான் ரூல்."

அக்கா போனை எடுத்தார். அந்த விமான நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணுக்கே அடித்தார். ஸ்பீக்கரைப் போட்டுக் கவுன்டர்மேல் வைத்தார். மறுமுனையில் ஒரு பெண் தேன் ஒழுகப் பேசினாள்.

"கண் தெரியாதவங்களோட நாயை விமானத்துக்குள்ள கூட்டிட்டுப் போலாமாம்மா?"

"கண்டிப்பா மேடம். உங்க காலடியிலயே படுத்துக்கலாம். தனிக் கட்டணம் எதுவும் கிடையாது. வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"இப்ப சொன்னதை இன்னொரு தடவை சொல்லும்மா. இங்க ஒருத்தர் பக்கத்துல நின்னு கேக்குறார், காது கொஞ்சம் மந்தம் போல இருக்கு."

அவளும் வரி பிசகாமல் இன்னொரு தடவை சொன்னாள். வரிசையில் நின்றிருந்தவர்களில் யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர், "அது போன்ல சொல்றது மேடம், இங்க நடைமுறை வேற" என்றார்.

"போன்ல பறக்குற விமானம் வேற, இங்க பறக்குறது வேறயா? சரி, எதுக்காக ஏத்தமாட்டீங்கன்னு உங்க கைப்பட எழுதிக் குடுங்க. நான் போயிடறேன்."

எழுதித்தர அவர் தயாராக இல்லை. எதற்கும் மேலே கேட்டுவிட்டு வருகிறேன் என்று உள்ளே போனார். அக்கா கவுன்டரை விட்டு நகரவில்லை. மேனேஜரை அங்கேயே படுக்கச் சொன்னார். வரிசை அவர்களைச் சுற்றி வளைந்து போயிற்று.

அந்த நேரத்தில்தான் தங்கை போன் செய்தாள். இறக்கிவிட்ட விஷயத்தைக் கேட்டதும் அழுதாள்.

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரத்துல என்னைத் தயார்படுத்த ஆரம்பிச்சிடுவாங்க. எனக்குப் பயமா இருக்கு. நாயை உன் பிரெண்டு யார்கிட்டயாவது விட்டுட்டு நீ மட்டும் ஏறி வந்துடேன். ஒரு மாசந்தானே."

அக்கா பேசாமல் நின்றார். ரேடியோ நின்றுபோனது அந்த ஒரு தடவைதான் என்று அவரே சொல்வார். ஒரு போன் போட்டிருந்தால் நான் வந்து மேனேஜரைக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். அடுத்த விமானத்தில் ஏறியிருந்தால் தங்கை உள்ளே போவதற்கு முன் ஒருவேளை பார்த்திருக்கலாம். எல்லாம் அக்காவுக்கும் தெரியும்.

"அடியே, கேளு. நாயை விட்டுட்டு வந்தா நான் உன் வீட்டுல இன்னொரு நோயாளி. பாத்ரூமுக்குப் போக உன்னைக் கேக்கணும். மருந்துக் கடைக்குப் போக அண்ணனைக் கேக்கணும். உனக்கு ஒரு நோயாளி போதாதா? நான் உன்னைப் பாத்துக்க வர்றேன்டி. வந்தா முழுசா வருவேன்."

"உனக்கு எப்பவும் உன் பிடிவாதந்தான் பெருசு" என்று சொல்லித் தங்கை போனை வைத்துவிட்டாள்.

அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து மேனேஜரின் காதுக்குப் பின்னால் தடவிக்கொடுத்தார்.

வெகுநேரம் கழித்துச் சூப்பர்வைசருடன் கரகரத்த குரலுள்ள ஒரு பெண்மணி வந்தார்.

"வணக்கம் மேடம், நான்தான் இங்க மேனேஜர்."

"சந்தோஷங்க. என்கிட்டயும் ஒருத்தர் இருக்கார், கீழ படுத்திருக்கார்."

அந்தப் பெண்மணி முதலில் குழம்பி, பிறகு சிரித்துவிட்டார். அக்காவும் சிரித்தார். ஆனால் கவுன்டரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ரூல் உங்க பக்கம்தான் மேடம், நான் படிச்சுப் பாத்துட்டேன். ஆனா…"

"அந்த ஆனாவைக் கீழ வச்சிட்டுப் பேசுங்க."

ஆனா என்னவென்றால், மற்றவர்கள் பயப்படாமல் இருக்க நாய்க்கு வாய்க்கூடு போடவேண்டும். கடைசி வரிசையில் உட்காரவேண்டும். அக்கா பொறுமையாகச் சொன்னார்: வாய்க்கூடு போட்ட நாயைப் பார்த்தால்தான் ஜனங்கள் கடிக்கிற நாய் என்று நினைத்துப் பயப்படுவார்கள். அது இதுவரை யாரையும் கடித்ததில்லை. ஒரு தப்பும் செய்யாத அதன் வாயை ஏன் கட்டவேண்டும்? கடைசி வரிசையில் அதற்குக் காலை மடக்கவும் இடமில்லை. முன் வரிசை தருவதாகச் சொன்னவர்கள் நீங்கள்தான்.

"காலையில உங்க ஆளுங்க என்னை இறக்கிவிட்டாங்க. என் தங்கச்சியை இந்நேரம் உள்ள கூட்டிட்டுப் போயிருப்பாங்க. அதை உங்களால திருப்பித் தரமுடியாது. அந்த இடத்தையாவது குடுங்க."

அந்தப் பெண்மணி சூப்பர்வைசர் பக்கம் திரும்பி, "மத்தியான விமானத்துல முதல் வரிசை, ஜன்னல். வாய்க்கூடு வேண்டாம். கேப்டன்கிட்ட நானே பேசிக்கிறேன்" என்றார்.

மத்தியான விமானத்தில் பக்கத்து இருக்கைக்கு வந்தவர் குழாய்ச் சாமான் வியாபாரி. உட்கார்ந்த பிறகுதான் கீழே பார்த்தார்.

"ஐயையோ, கடிக்குமாம்மா?"

"பல்லு இருக்குங்க. கடிச்சதில்ல."

"எனக்குச் சின்ன வயசுலயே ஒண்ணு கடிச்சு வச்சிருக்கு."

"பயமா இருந்தா கேளுங்க, இடம் மாத்திக் குடுப்பாங்க."

"நான் எதுக்கு மாறணும்? நானும் டிக்கெட் எடுத்துத்தான் வந்திருக்கேன்!"

அக்காவுக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்துப் போயிற்று. காலையிலிருந்து பார்த்தவர்களில் இவர்தான் நேர்மையான ஆள் என்று நினைத்துக்கொண்டாராம். வியாபாரி இரண்டு காலையும் இருக்கைமேல் தூக்கி வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விமானம் ஓடத் தொடங்கியதும் இரைச்சல் தாளாமல் மேனேஜர் எழுந்து, அக்காவின் முழங்கால்மேல் தாடையை வைத்து நடுங்கியது. காது அடைக்காமல் இருக்க அக்கா கடித்துத் தின்ன ஏதோ கொடுத்தார். "அதுக்கும் பயமா?" என்று கேட்டார் வியாபாரி. ஆமாம் என்றதும் அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இறங்கும்போது, "இப்பவும் பயந்தாம்மா எனக்கு. ஆனா வந்துட்டேன் பாத்தீங்களா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா போய்ச் சேர்ந்தபோது அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. தங்கையைப் படுக்கவைத்திருந்த அறைக்குள் நாய் வரக்கூடாது, புண் ஆறாத நோயாளிகள் இருக்கிறார்கள் என்றார்கள். மருத்துவமனையிலேயே வேலை பார்க்கும் அக்கா மறுபேச்சுப் பேசவில்லை. மேனேஜரை வாசலில் ஒரு நர்ஸிடம் விட்டுவிட்டு, இன்னொரு நர்ஸின் முழங்கையைப் பிடித்து உள்ளே போனார். காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வேன், காரணமே இல்லாமல் முகம் சுளித்தால்தான் எனக்கு ஆகாது என்பார்.

தங்கைக்கு நினைவு வந்திருந்தது. கண் தெரியாதவரிடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு என்ன பயன்? கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அது அக்காவுக்கு நன்றாகவே புரிந்தது. படுக்கை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். தான் செய்தது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் தங்கை தனியாக உள்ளே போனாள் என்பதும் உண்மைதானே. ரொம்ப நேரம் கழித்துத் தங்கை, "இன்னும் கோவந்தான். தண்ணி குடு" என்றாள்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு மாதம் அக்காதான் எல்லாம். சமைத்தார், துவைத்தார், தங்கையைக் குளிப்பாட்டினார், மேனேஜரோடு நடந்துபோய் மருந்து வாங்கிவந்தார். சாயங்காலம் கூடத்தில் தங்கை இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கப் பழகுவாள், அக்கா அவளோடு சேர்ந்து நடப்பார். "என்னடி ஆமை மாதிரி நடக்கிற, கண்ணு தெரிஞ்சவதானே" என்று அக்கா சீண்டுவார். "உனக்கென்ன, டிரைவர் வச்சிருக்க" என்பாள் அவள். இடையில் ஒருநாள் அண்ணன் பார்க்க வந்தார். அக்கா வெங்காயம் நறுக்கும்போது கத்தியைப் பிடுங்க எழுந்தவர், தங்கை முறைத்த முறைப்பில் திரும்ப உட்கார்ந்துவிட்டார். தட்டில் போட்டதை நிறையவே சாப்பிட்டார்.

வேலைக்குத் திரும்பியதும் அக்கா முதலில் செய்தது புகார் கொடுத்ததுதான். விமான நிறுவனம் பெரிய பூங்கொத்து ஒன்றை எங்கள் அடித்தள அறைக்கு அனுப்பியது. கூடவே, மேனேஜரோடு விமானப் படியில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா, விளம்பரத்துக்கு நன்றாக இருக்கும் என்றும் கேட்டார்கள்.

"டிக்கெட் எடுத்தவளை ஏத்தினதுக்கு விளம்பரமா?" என்று போனிலேயே சிரித்தார் அக்கா. "போட்டோவெல்லாம் வேண்டாம். உங்க பணியாளுங்களை ஒரு அறையில உக்கார வைங்க. நான் வந்து பேசறேன்."

பாவம், ரேடியோவைப் பற்றி அவர்களுக்குத் தெரியாது. காலையில் தொடங்கியவர் மதியச் சாப்பாட்டுக்கும் விடவில்லை. கேப்டன்கள், பணிப்பெண்கள், கவுன்டர் ஆட்கள் என்று எல்லோரும் இருந்தார்கள். ஒவ்வொருவர் கண்ணையும் துணியால் கட்டி, அந்த அலுவலகத்தின் மாடிப்படியில் நடக்கவைத்திருக்கிறார். அந்தச் சூப்பர்வைசரும் வந்திருந்தாராம். கடைசியில் அவர் அக்காவிடம் வந்து, "அன்னிக்கு நான் எழுதிக் குடுத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மேடம்?" என்று கேட்டார்.

"அதை வச்சு இன்னும் பெரிய சண்டை போட்டிருப்பேன்."

இப்போதெல்லாம் தங்கையைப் பார்க்க அக்கா அடிக்கடி பறக்கிறார். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு இடத்தில் ஏதோ ஒரு புது ஆள் நிறுத்திவிடுகிறார். போன வாரம் ஒருவர், பைகளைச் சோதனைக்கு அனுப்பும் எந்திரத்தின் பட்டையில் நாயையும் படுக்கவைக்கச் சொன்னாராம். விமானத்துக்கு அவ்வளவு முன்னதாக ஏன் கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"சண்டை போட நேரம் வேணாமா?" என்றார் அக்கா, ஹெட்போனை மாட்டிக்கொண்டே.